போர்ஷே 911 ஜிடி3: டிராக்குக்கு எந்தத் தலைமுறை?

போர்ஷே 911-இல் பந்தயத் தட (டிராக்) ஓட்டத்துக்கென்று வந்த வகைதான் ஜிடி3. 1999-இல் முதல் ஜிடி3 வந்தபோது பந்தய ஓட்டுநர் வால்டர் ரோல் அதை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்கு வளையத்தில் 7 நிமிடம் 56 விநாடியில் ஓட்டி முடித்தார். 2021-இல் வந்த 992 தலைமுறை ஜிடி3 அந்த வளையத்தின் 20.6 கிலோமீட்டரை 6 நிமிடம் 55 விநாடியில் கடந்தது. இடையில் டயர் தொழில்நுட்பமும் வெகுதூரம் போய்விட்டதால் குறைந்த ஒரு நிமிடம் முழுவதையும் காரின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் எது வேகமான கார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஒவ்வொரு புதிய ஜிடி3-யும் முந்தையதை வென்றிருக்கிறது.

அப்படியிருந்தும் பழையதா புதியதா என்ற கேள்வி தீரவில்லை. சொந்தக் காரை டிராக்குக்கு எடுத்துச் செல்பவருக்கு லேப் நேரத்துக்காக யாரும் பரிசு தரப்போவதில்லை. அவர் வாங்குவது சில ஆண்டுகளுக்கான ஓட்டத்தை. அந்த ஆண்டுகளில் எந்த உதிரிபாகம் தேயும், தேய்ந்ததைப் பழுது பார்க்கலாமா அல்லது முழுதாக மாற்றத்தான் வேண்டுமா, முந்தைய உரிமையாளர் இன்ஜினை எப்படி நடத்தினார் என்பதற்குக் காரிலேயே சான்று உண்டா என்பவைதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். குதிரைத்திறன் அட்டவணையை வைத்து முடிவெடுத்தவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே தடுமாறுகிறார்கள்.

எண்களின் வரிசை புதியவர்களைக் குழப்பும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடலாம். 996 முதலில் வந்தது, அடுத்தது 997, அதற்கடுத்தது 991, பிறகு 992. ஒவ்வொன்றிலும் முன்பாதி, பின்பாதி என இரண்டு வகை உண்டு. 996.1, 996.2 என்று புள்ளி வைத்துச் சொல்வது வழக்கம். முதல் 996.1-இல் 3.6 லிட்டர் இன்ஜின், 360 குதிரைத்திறன், எடை 1,350 கிலோ. 992-இல் 4.0 லிட்டர், 510 குதிரைத்திறன். மேனுவல் கியர் வண்டியின் எடை 1,418 கிலோ, பிடிகே எனப்படும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ளதன் எடை 1,435 கிலோ. இருபது ஆண்டுகளில் திறன் 150 கூடியிருக்க, எடை நூறு கிலோகூட ஏறவில்லை என்பது பொறியாளர்களின் பெரிய சாதனை.

மெட்ஸ்கர் இன்ஜின் உள்ளவை

உண்மையான பிரிவுக்கோடு 997-க்கும் 991-க்கும் நடுவில் விழுகிறது. 996, 997 ஜிடி3 இரண்டிலும் இருப்பது ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அழைக்கப்படும் இன்ஜின். காற்றால் குளிரூட்டப்பட்ட பழைய 911-இன் கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) மரபில் வந்தது. 1998-இல் லே மான் பந்தயத்தை வென்ற ஜிடி1 காரின் இன்ஜினுக்கு நெருங்கிய உறவு. எண்ணெய்க்குத் தனித் தொட்டி வைத்த டிரை சம்ப் அமைப்பு இதில் உண்டு. நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும் ஆபத்து அதனால் வெகுவாகக் குறைகிறது.

ஒரு தவறான அச்சத்தை இங்கேயே போக்கிவிட வேண்டும். அக்காலத்துச் சாதாரண 911 கரேராவிலும் பாக்ஸ்டரிலும் இருந்த வேறோர் இன்ஜினில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் உடைந்து இன்ஜினே போவது பேர்பெற்ற கோளாறு. மெட்ஸ்கர் இன்ஜினுக்கு அந்தக் கோளாறு இல்லை. ‘996 என்றாலே பேரிங் பிரச்சினை’ என்று பயந்து ஜிடி3-யை ஒதுக்க வேண்டியதில்லை.

மெட்ஸ்கருக்கென்று உள்ள கோளாறு, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் (கூலன்ட்) ஓடும் குழாய்கள். அலுமினிய உறைகளுக்குள் குழாய் முனைகளைப் பசை வைத்துச் செருகியிருக்கிறார்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஆண்டுகள் போகப் போக அந்தப் பசை பிடிப்பை இழக்கிறது. ஒருநாள் குழாய் அழுத்தம் தாங்காமல் கழன்று வருகிறது. இன்ஜின் பின்னால் இருக்கும் கார் என்பதால் வெளியே கொட்டும் கூலன்ட் நேராகப் பின்டயர்களில்தான் விழும். வேகமான வளைவின் நடுவில் இது நடந்தால் ஓட்டுநருக்குத் திருத்த நேரமே கிடைக்காது. பின்னால் வருபவருக்கும் அதே ஈரம்தான். தீர்வு தெளிவானது: இன்ஜினைக் கீழே இறக்கி, குழாய் முனைகளை வெல்டிங் செய்வது, அல்லது திருகு போட்டு அசையாமல் பூட்டுவது. இந்த வேலை முடிந்ததற்கான பில் இல்லாத 996, 997 ஜிடி3-யை டிராக்கில் இறக்கக் கூடாது. விற்பவர் ‘இதுவரை ஒழுகியதில்லை’ என்று சொன்னால் அது ஆறுதல் ஆகாது. இதில் முன்னறிவிப்பாக ஒழுகுவது என்பது எப்போதும் நடப்பதில்லை.

இன்ஜினை இறக்கும்போது கூடவே செய்ய வேண்டியவை சில உண்டு. கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல் கசிகிறதா பார்க்க வேண்டும். கிளட்ச் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுவது லாபம், ஏனெனில் செலவில் பெரும்பகுதி இறக்கி ஏற்றும் கூலிதான். கியர்பாக்ஸில் இரண்டாம் கியரின் சிங்க்ரோ வளையம் (கியர்களின் வேகத்தை ஒத்திசைப்பது) முதலில் தேயும். எண்ணெய் சூடான பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு வேகமாக இறக்கும்போது உரசும் சத்தம் கேட்டால் அதுதான்.

பின்சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை மறந்துவிடுகிறார்கள். இந்தக் கார்களில் இருப்பது ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழலாதபடி ஓரளவு பூட்டும், தட்டுகளால் ஆன லிமிடெட் ஸ்லிப் வகை. 997-இல் முடுக்கத்தின்போது 28 சதவீதமும், ஆக்சிலரேட்டரை விட்டு பிரேக் போடும்போது 40 சதவீதமும் பூட்டும்படி அமைந்தது. டிராக்கில் தட்டுகள் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரமே தேய்ந்து பூட்டும் விசை போய்விடுகிறது. அறிகுறி: கடுமையாக பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் இடமும் வலமும் அலையும். ஓட்டுபவர் சஸ்பென்ஷனைக் குறை சொல்வார், வீல் அலைன்மென்ட் செய்வார், டயரை மாற்றுவார், அலைச்சல் போகாது. பின்சக்கரங்களைத் தூக்கி வைத்து, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) திருப்பிப் பார்த்தால் எவ்வளவு விசையில் நழுவுகிறது என்று தெரிந்துவிடும். கையாலேயே எளிதாகத் திரும்பினால் தட்டுகள் முடிந்துவிட்டன. புதிய தட்டுகள் போட்டுப் புதுப்பிக்கலாம், முழு கியர்பாக்ஸும் தேவையில்லை.

பழைய தலைமுறையின் பலமே இங்குதான் இருக்கிறது. அதில் தேய்பவை பெரும்பாலும் பிரித்து, அளந்து, மாற்றக்கூடிய துண்டுகள். அனுபவமுள்ள தனியார் ஒர்க்‌ஷாப் போதும். மெட்ஸ்கர் இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் தொழில் செய்கிறார்கள். அவர்களிடம் காத்திருக்க வேண்டியிருக்கும், செலவும் சிறியதல்ல. ஆனால் வழி இருக்கிறது.

இன்ஜினின் நினைவுப் பதிவு

மேனுவல் கியர் ஜிடி3 எதுவானாலும், வாங்குமுன் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்து, இன்ஜின் சுழற்சி எல்லையை மீறியதைக் குறிக்கும் ஓவர்-ரெவ் பதிவை எடுத்துப் பார்க்க வேண்டும். பளபளப்பான பெயின்ட்டைவிட, முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகத்தைவிட இந்த ஒரு தாள் மதிப்புள்ளது.

எதற்கு இது? ஐந்தாம் கியரில் வந்து நான்குக்கு இறக்க வேண்டியவர் அவசரத்தில் இரண்டுக்கு இறக்கிவிட்டால், சக்கரங்கள் இன்ஜினைப் பிடித்து இழுத்துச் சுழற்றும். சுழற்சி வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெவ் லிமிட்டரால் எரிபொருளைத்தான் நிறுத்த முடியும். சக்கரம் சுழற்றுவதைத் தடுக்க முடியாது. வால்வு ஸ்பிரிங்குகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் வால்வு பிஸ்டனைத் தொடலாம். கனெக்டிங் ராட் போல்ட்டுகள் நீண்டுவிடலாம். அன்றே உடையாமல், பலவீனமாகி, அடுத்தவர் கையில் உடைவதும் உண்டு.

எல்லையை எவ்வளவு மீறியது என்பதைப் பொறுத்து 996-இல் இந்தப் பதிவு இரண்டு படிநிலைகளில் இருக்கும், 997-இல் ஆறு. ஆறில் முதல் இரண்டு படிகள் முடுக்கத்தின்போது லிமிட்டரை முட்டுவதாலேயே சேரக்கூடியவை. அவற்றில் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தாலும் கார் டிராக்கில் ஓடியிருக்கிறது என்றுதான் பொருள். நான்காம் படிக்கு மேல் எதுவும் இருந்தால் அது தவறான கியருக்கு இறக்கியதால் மட்டுமே வந்திருக்கும்.

எண்ணிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும். கணினி எண்ணுவது தீப்பொறிகளை. ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை பற்றவைக்கும். நிமிடத்துக்கு 8,400 சுற்று வேகத்தில் விநாடிக்கு 140 சுற்று, அதாவது 420 தீப்பொறி. ஆகவே ஒரு படியில் 50 என்று இருந்தால் அது ஏறத்தாழ விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம்தான். எண்ணிக்கையோடு அது எத்தனையாவது இயக்க மணியில் நடந்தது என்பதும் பதிவாகியிருக்கும். மொத்தம் 600 மணி ஓடிய காரில் ஐந்தாம் படிப் பதிவு 150-ஆவது மணியில் என்றால், அதற்குப் பிறகு 450 மணி நேரம் இன்ஜின் தாக்குப்பிடித்திருக்கிறது. சிலிண்டர் கசிவுச் சோதனையில் ஆறும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவு காட்டினால் பேரம் பேசி வாங்கலாம். அதே பதிவு 595-ஆவது மணியில் இருந்தால் விலகிவிடுவது நல்லது. அந்த அடி நேற்று விழுந்தது, விளைவு இன்னும் வெளியே வரவில்லை.

இதே தாளிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. ஓடிய கிலோமீட்டரை இயக்க மணியால் வகுத்துப் பாருங்கள். 40,000 கிலோமீட்டருக்கு 600 மணி என்றால் சராசரி 67 கிலோமீட்டர் வேகம், இயல்பானது. 1,400 மணி என்று காட்டினால் சராசரி 30-க்குக் கீழே. நகர நெரிசலில் மட்டுமே ஓடிய ஜிடி3 அரிது. ஓடோமீட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

பிடிகே உள்ள வண்டிகளில் கணினியே ஆபத்தான இறக்கத்தை மறுத்துவிடும் என்பதால் உயர்படிப் பதிவு அநேகமாக இருக்காது. 991.2, 992 மேனுவல்களில் கியர் இறக்கும்போது இன்ஜின் வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் வசதி உண்டு. அது தவறான கியரைத் தடுப்பதில்லை. புதிய கார் என்று சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

997-க்குள்ளேயே ஒரு தேர்வு

997.1 2006-இல் வந்தது: 3.6 லிட்டர், 415 குதிரைத்திறன். 997.2 2009-இல்: 3.8 லிட்டர், 435. மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு ஜிடி3-க்கு முதன்முதலாக 997.2-இல்தான் கிடைத்தது. 997.1-இல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும். 996-இல் ஏபிஎஸ் தவிர வேறு துணையே இல்லை. ஈரத்திலும் ஓட்ட நேரும் ஒருவருக்கு, 911-இன் பின்கனத்தை இன்னும் கற்றுக்கொண்டிருப்பவருக்கு, இது பெரிய வேறுபாடு.

ஆனால் 997.2-இல் சக்கரத்தைப் பிடிப்பது நடுவே ஒற்றை நட்டு. பந்தயக் குழுவுக்கு அது விரைவு, தனியாளுக்குச் சுமை. 997.1 வரை ஐந்து போல்ட், ஒவ்வொன்றும் 130 நியூட்டன் மீட்டர் இறுக்கம், எந்தக் கடையிலும் கிடைக்கும் டார்க் ரெஞ்ச் போதும். ஒற்றை நட்டுக்கு, 991 முதலான தலைமுறைகளில், 600 நியூட்டன் மீட்டர் வேண்டும். நீளக்கை ரெஞ்ச், உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, வெளியே ஒருவர் இறுக்க. நட்டின் கூம்பு முகத்தில் சரியான கிரீஸ் இல்லாவிட்டால் ரெஞ்ச் காட்டும் அளவு பொய். இறுக்கம் உராய்விலேயே போய்விடும். இறுக்கியபின் நடுவிலுள்ள பூட்டு முழுதாக வெளியே வந்து நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தொட்டு உறுதிசெய்ய வேண்டும். 2010, 2011 மாடல் ஆண்டு ஜிடி3-களைப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஹப்புக்காகப் போர்ஷே திரும்ப அழைத்ததும் நினைவிருக்கட்டும். அந்த வேலை முடிந்ததா என்று சேஸ் எண்ணை வைத்து டீலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

மாதம் ஒரு முறை டிராக் போய், சக்கரத்தைத் தானே கழற்றி, பேட் மாற்றி, ஞாயிறு மாலை வீடு திரும்பும் ஆளுக்கு 997.1 கூடுதலாக ஒத்துப்போகும். 20 குதிரைத்திறன் குறைவை அவர் உணரவே மாட்டார்.

991.1: ஆவணம் பேச வேண்டிய கார்

2013-இல் வந்த 991.1 எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியது. மெட்ஸ்கர் போய்ப் புதிய 3.8 லிட்டர் இன்ஜின். 475 குதிரைத்திறன், 9,000 சுற்று. மேனுவல் கியர் கிடையவே கிடையாது, பிடிகே மட்டும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் போய் மின் ஸ்டீயரிங். பின்சக்கரங்களும் திரும்பும்: குறைந்த வேகத்தில் முன்சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம், கூடிய வேகத்தில் அதே பக்கம், அதிகபட்சம் 1.5 பாகை.

2014 பிப்ரவரியில் இரண்டு கார்கள் தீப்பிடித்தன. கனெக்டிங் ராட் திருகுகள் தளர்ந்து கிராங்க் கேஸை உடைத்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அதுவரை உரிமையாளர்களிடம் போய்ச் சேர்ந்திருந்த 785 கார்களையும் ஓட்ட வேண்டாம் என்று போர்ஷே கேட்டுக்கொண்டு, அத்தனைக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தது. இன்று விற்பனைக்கு வரும் கார்களில் இந்தக் கதை முடிந்துபோனது.

முடியாதது இன்னொன்று. கேம் ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவில் இருந்து வால்வைத் தள்ளும் விரல் வடிவ நெம்புகோல்கள், ஃபிங்கர் ஃபாலோயர்கள், சில இன்ஜின்களில் மேற்பரப்பு உரிந்து தேய்ந்தன. கேம் முனையும் உடன் தேயும். உயர் சுற்றில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமை), எச்சரிக்கை விளக்கு, எண்ணெய் ஃபில்டரில் உலோகத் துகள் ஆகியவை அறிகுறிகள். போர்ஷே பல கார்களுக்குத் திருத்தப்பட்ட இன்ஜினை மாற்றிக் கொடுத்தது. அமெரிக்காவில் இன்ஜினுக்கான உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டித்தது.

10 ஆண்டு என்பது எப்போதிலிருந்து என்று கவனியுங்கள். கணக்கு முதல் உரிமையாளருக்குக் கார் போன நாளிலிருந்து ஓடுகிறது. இன்ஜின் மாற்றிய நாளிலிருந்து அல்ல. 2014-இல் சாலைக்கு வந்த காருக்கு அந்தப் பாதுகாப்பு 2024-லேயே தீர்ந்தது. ஒரு காலத்தில் ‘991.1 வாங்கினால் இன்ஜின் கவலை இல்லை, கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்ற பேச்சு நியாயமாக இருந்தது. இன்று அது பழைய பேச்சு. ஆகவே திருத்தப்பட்ட இன்ஜின் எப்போது, எத்தனை கிலோமீட்டரில் போடப்பட்டது என்ற டீலர் ஆவணம் உள்ள காரை மட்டும் பாருங்கள். முதல் இன்ஜினுடனே ஓடும் கார் விலையில் எவ்வளவு இறங்கி வந்தாலும், ஃபில்டரை அறுத்துப் பார்த்து, எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பி, இரும்புத் துகள் அளவு தெரிந்த பிறகே பேச்சைத் தொடருங்கள். இந்த இன்ஜின் பழுதானால் பக்கத்து ஒர்க்‌ஷாப் மேலுறையைத் திறந்து நான்கு துண்டுகளை மாற்றித் தருவதோடு முடிவது அரிது. பெரும்பாலும் முழு இன்ஜின்தான்.

991.2: நம் பரிந்துரை

2017-இல் வந்த 991.2 அந்தக் கோளாற்றின் வேரையே எடுத்தது. 4.0 லிட்டர், 500 குதிரைத்திறன், அதே 9,000 சுற்று. வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் அமைப்பை நீக்கிவிட்டு, தொழிற்சாலையிலேயே தகடு வைத்து இடைவெளியை நிரந்தரமாக அமைத்தார்கள். பந்தயக் கார்களில் ஓடிய அமைப்பு இது. உயர் சுற்றில் வால்வு இயக்கம் உறுதியாக இருக்கும். பிறகு சரிசெய்யும் வேலையும் இல்லை. மேனுவல் கியரும் திரும்பி வந்தது. அதை எடுத்தால் இயந்திரத் தட்டு டிஃபரன்ஷியல். பிடிகே எடுத்தால் மின்னணுவால் பூட்டு அளவை மாற்றும் வகை.

அடிக்கடி டிராக் செல்பவர், ஒரே கார்தான் வைத்திருக்கப் போகிறார், பழுது பார்ப்பதைத் தன் பொழுதுபோக்காகக் கொள்ளவில்லை என்றால் 991.2 தான் எடுக்க வேண்டியது. மெட்ஸ்கரின் குழாய்ப் பயமும் இல்லை, 991.1-இன் ஆவண வேட்டையும் இல்லை, 992-இன் டயர் செலவும் இல்லை. அடிப்படையில் குறை என்று சொன்னால் முன்பக்க சஸ்பென்ஷன் இன்னும் எளிய மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகைதான் என்பது.

அந்தக் குறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்ட்ரட் அமைப்பில் உடல் சாயும்போது வெளிச்சக்கரம் நிமிர்ந்துகொண்டு டயரின் வெளித்தோளில் எடை விழுகிறது. முன் கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) போதவில்லை என்றால் சில டிராக் நாட்களிலேயே வெளித்தோள் வழுக்கையாகிவிடும். உள்பக்கம் புதிதுபோலவே இருக்கும். ஜிடி3-களின் கீழ் கன்ட்ரோல் ஆர்ம் இரண்டு துண்டாக இருப்பதன் பயன் இங்கே: நடுவில் ஷிம் தகடு செருகி சக்கரத்தின் அடியை வெளியே தள்ளலாம். முன்னால் மைனஸ் 2.5 பாகை, பின்னால் மைனஸ் 2 பாகை டிராக்குக்கு நல்ல தொடக்கம். ஷிம் சேர்த்தால் டோவும் (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடும். சேர்த்தபின் டோவை மறுபடி அளக்காமல் ஓட்டுவது டயரையும் தின்னும், பிரேக் பிடிக்கும்போது காரை நேராகவும் நிற்கவிடாது. 996 முதல் 991 வரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

992 எப்போது

992-இல் ஜிடி3-க்கு முதன்முறையாக முன்பக்கம், மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் வந்தது. சாய்வில் டயர் தரையோடு படிந்தே இருக்கிறது. பிரேக் போட்டுக்கொண்டே வளைவுக்குள் நுழையும்போது மூக்கு கேட்ட இடத்துக்குப் போகிறது. மேலிருந்து தொங்கும் பின்விங்கும் வேகத்தில் கீழழுத்தத்தைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்ததே அந்த ஆறு நிமிட நேரத்துக்குப் பெரும் காரணம். குதிரைத்திறன் முந்தையதைவிடப் பத்துதான் அதிகம்.

வேகத்துக்கு விலை உண்டு. நேர்ச்சாலை முடிவில் ஒரு 996.2 மணிக்கு 220 கிலோமீட்டரில் வருகிறது, 992 அதே இடத்துக்கு 240-இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 100-க்குக் குறைய வேண்டும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எடை வேறுபாட்டையும் சேர்த்தால் 992-இன் பிரேக் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 28 சதவீதம் கூடுதல் வெப்பத்தை விழுங்க வேண்டும். அதனால்தான் முன் பிரேக் டிஸ்க் 996.1-இல் 330 மில்லிமீட்டரில் தொடங்கி 350, 380 என்று வளர்ந்து 992-இல் 408 ஆகியிருக்கிறது. பின்டயர் 18 அங்குலத்திலிருந்து 21 அங்குலத்துக்குப் போய்விட்டது. டிஸ்க், பேட், டயர் மூன்றும் ஒவ்வொரு பருவமும் வாங்க வேண்டியவை. கார் வாங்கும் கடன் ஒருமுறை, இது ஒவ்வோர் ஆண்டும். 992 எடுப்பவர் இந்தத் தொகையை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். முடியுமென்றால் இதைவிடத் திறமையான ஜிடி3 இல்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 992.2-இல் திறன் அதே 510; கியர் விகிதம் 8 சதவீதம் குறுக்கப்பட்டது. கியர்கள் நீளமாக இருக்கின்றன என்ற பழைய குறைக்கு அது பதில்.

பழைய காருக்கு எதிரான டயர் சிக்கல் ஒன்றும் உண்டு. 996-இன் 18 அங்குல அளவில் டிராக் டயர் தேர்வு சுருங்கிக்கொண்டே வருகிறது. 997-இன் 19 அங்குலத்தில் அந்தக் கவலை குறைவு. விற்பவர் ‘டயர் புதுசு’ என்றால் பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 1419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் இறுகிவிட்டது.

செராமிக் பிரேக், இரும்பு பிரேக்

எந்தத் தலைமுறையானாலும் இந்தக் கேள்வி வரும். பிரேக் பேட்டை அழுத்தும் காலிபர் மஞ்சள் என்றால் செராமிக், சிவப்பு என்றால் வார்ப்பிரும்பு. (சிலர் மஞ்சளைக் கறுப்பாக மாற்றிப் பெயின்ட் அடிப்பதால் டிஸ்க்கையே பார்ப்பது நல்லது.) செராமிக் இலகு, சாலையில் நெடுங்காலம் வரும். டிராக்கின் வெப்பத்தில் அதிலுள்ள கார்பன் எரிந்து எடை குறைகிறது. கனத்தை அளந்தால் தேய்வு தெரியாது. எடை பார்க்க வேண்டும். குறைந்தபட்ச எடை டிஸ்க்கின் நடுப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். 996 காலத்துச் செராமிக் டிராக்கில் சீக்கிரமே சோர்ந்தது; அதை இரும்புக்கு மாற்றிய கார் என்றால் குறையாக எண்ண வேண்டாம், முந்தைய உரிமையாளர் புரிந்து செய்திருக்கிறார். சக்கரம் கழற்றும்போது ரிம் மோதினால் செராமிக் விளிம்பு உடைந்துவிடும். ஐந்து போல்ட் கார்களில் இரண்டு வழிகாட்டிக் கம்பிகளைத் திருகி வைத்துக்கொண்டு சக்கரத்தை நேராக இழுப்பதே பாதுகாப்பு.

இரும்பு டிஸ்க்கில் துளைகளைச் சுற்றி முடி போன்ற விரிசல்கள் வருவது இயல்பு. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குச் சேர்ந்துவிட்டாலோ, வெளிவிளிம்பைத் தொட்டாலோ அன்றே மாற்ற வேண்டும். டிராக்குக்கு நம் தேர்வு இரும்புதான், 992 உட்பட. பிரேக் திரவம் 300 டிகிரிக்கு மேல் உலர் கொதிநிலை (ஈரம் சேராத புதுத் திரவத்தின் கொதிநிலை) உள்ளதாக இருக்கட்டும். ஓடாமல் நின்ற காரிலும் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் பருவத்தின் தொடக்கத்தில் புதிதாக ஊற்றியே ஓட்ட வேண்டும்.

காரைப் பார்க்கப் போகும்போது

ஆவணத்தில் தொடங்குங்கள். 996, 997 என்றால் கூலன்ட் குழாய் பில், 997.2 என்றால் ஹப் மாற்றிய சான்று, 991.1 என்றால் இன்ஜின் மாற்றிய தேதி. இவை இல்லையெனில் பயணச் செலவை மிச்சப்படுத்தலாம். பிறகு கணினிப் பதிவு. அடுத்துத்தான் லிஃப்டில் ஏற்றுவது: பின் கன்ட்ரோல் ஆர்ம்களின் ரப்பர் புஷ், பந்து மூட்டுகள், ஸ்ட்ரட் மேல் தாங்கிகள். 20 ஆண்டு கடந்த 996-இல் இவை ஒருமுறையும் மாறவில்லை என்றால் அந்தக் காரின் உண்மையான குணத்தை நீங்கள் ஓட்டிப் பார்க்கவே முடியாது. தளர்ந்த புஷ்ஷின் குணத்தைத்தான் உணர்வீர்கள். பலர் 996-ஐ ‘பிடி தளர்ந்த கார்’ என்று ஒதுக்குவது இப்படி ஓட்டிப் பார்த்ததால்தான்.

கிளப்ஸ்போர்ட் தொகுப்புடன் வந்த ஐரோப்பிய வண்டியில் பின்பாதி ரோல் கேஜும் ஆறு முனைப் பெல்ட்டும் இருக்கும். அந்தப் பெல்ட்டின் துணியில் பொறித்த காலாவதி ஆண்டைப் பாருங்கள். கடந்துபோயிருந்தால் டிராக்கில் ஏற்பவர்கள் குறைவு. பேரத்தில் புதிய பெல்ட்டின் விலையைக் கழித்துக்கொள்ளலாம். நான்கு சக்கரத்தையும் கழற்றாமல் முடிகிற சோதனையை ஏற்காதீர்கள். ஒற்றை நட்டுக் காரானால் விற்பவரிடமே 600 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், சக்கரத்தை இதுவரை யார், எந்த இறுக்கத்தில் மாட்டினார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.